தற்செயலின் அளவு: ஜூரிப் பெட்டியும் ஈருறுப்புப் பரவலும்

அதிகாரத்தை நோக்கிக் கேள்வி எழுப்பும்போது அது திரும்பத் திரும்பத் தருகிற பதில்களில் ஒன்று 'தற்செயல்'. 'நாங்க யாரையும் ஒதுக்கல, பெயர்களை எடுத்தோம், அப்படி அமைஞ்சுபோச்சு.' இந்தப் பதிலுக்கு ஒரு தனி வலிமை உண்டு. உள்நோக்கத்தை நிரூபிக்கும் சுமை முழுக்கக் கேள்வி கேட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. மனசுக்குள் இருப்பதற்கு யார் சாட்சி கொண்டுவர முடியும்?

நம் வட்டாரங்களில் இதற்குச் சொல்லப்படும் மறுமொழிகள் பெரும்பாலும் இரண்டு. தற்செயல் என்று ஒன்று கிடையவே கிடையாது, எல்லாம் கட்டமைப்பின் விளைவுதான் என்பது ஒன்று. சதவீதத்தைத் தூக்கிக் காட்டி 'பாருங்கள், இவ்வளவு இடைவெளி' என்று முடித்துக்கொள்வது மற்றொன்று. முதலாவது கணக்கே போடுவதில்லை. இரண்டாவது பாதிக் கணக்கோடு நிறுத்திவிடுகிறது. தற்செயல் என்பது உண்டு. ஆனால் அதற்கு ஓர் உருவமும் எல்லையும் உண்டு, அந்த எல்லையைக் கணக்கிட்டுச் சொல்லவும் முடியும். இரண்டே விளைவுகள் உள்ள ஒரு செயல் பலமுறை நடக்கும்போது தற்செயல் எடுக்கும் உருவத்திற்குக் கணிதம் வைத்திருக்கும் பெயர் ஈருறுப்புப் பரவல். பள்ளிப் பாடத்தில் காசு சுண்டவும் பழுதான பல்புகளைப் பொறுக்கவும் மட்டுமே இது பயன்படுகிறது. அமெரிக்க நீதிமன்றங்களில் இது நிறவெறியைக் குறுக்கு விசாரணை செய்யப் பயன்பட்டிருக்கிறது. இங்கே அந்த வழியாகவே போவோம். (இந்தியாவில் குற்ற வழக்குகளுக்கான ஜூரி முறை 1973ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தோடு இல்லாமலே போய்விட்டது. அமெரிக்காவில் இன்றைக்கும் உண்டு.)

அலபாமா மாநிலத்தின் டாலடேகா கவுண்டியில் (கவுண்டி என்பது நம்முடைய மாவட்டம் மாதிரி) ராபர்ட் ஸ்வெய்ன் என்ற 19 வயதுக் கறுப்பின இளைஞருக்கு, வெள்ளைப் பெண்ணை வன்புணர்ந்ததாக மரண தண்டனை விதிக்கப்பட்டது. அந்தக் கவுண்டியில் 21 வயதைத் தாண்டிய ஆண்களில் 26 சதவீதம் கறுப்பர்கள். ஜூரியாவதற்கு அழைக்கப்பட்ட சுமார் 100 பேரில் கறுப்பர்கள் 8. அந்த எட்டில் இருவர் விலக்குப் பெற்றார்கள். மீதி ஆறு பேரையும் காரணம் சொல்லாமலே நீக்கும் உரிமையைப் பயன்படுத்தி அரசு வழக்கறிஞர் நீக்கினார். ஏறத்தாழ 1950 முதற்கொண்டே அங்கே விசாரணை ஜூரியில் ஒரு கறுப்பர்கூட உட்கார்ந்ததில்லை. 1965இல் வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றத்திற்குப் போனது. பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதியவர் நீதிபதி வைட். ஒரு பிரிவினர் 10 சதவீத அளவுக்குக் குறைவாகப் பிரதிநிதித்துவம் பெற்றிருப்பதை மட்டும் வைத்து, வேண்டுமென்றே செய்த இனப் பாகுபாடு என்று சொல்லிவிட முடியாது என்பது அந்தத் தீர்ப்பின் சாரம். ஸ்வெய்ன் தோற்றார்.

நீதிமன்றம் செய்தது கழித்தல் கணக்கு. ஒரு சதவீதத்திலிருந்து இன்னொரு சதவீதத்தைக் கழித்து, மிச்சம் பெரிதா சிறிதா என்று கண்ணால் பார்த்தது. இந்த அளவுகோலில் உள்ள பயங்கரத்தைக் கவனிக்க வேண்டும். ஒரு ஊரில் ஒரு சமூகம் மொத்தமே 10 சதவீதம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்களில் ஒருவரைக்கூட எந்தக் காலத்திலும் அழைக்காவிட்டாலும் இடைவெளி 10 சதவீதத்தைத் தாண்டவே தாண்டாது. சின்னச் சமூகத்தை முழுசாகத் துடைத்தெடுக்க இந்தக் கழித்தல் அனுமதி தருகிறது.

சரி, கழிக்காமல் வேறு எப்படிப் பார்ப்பது? இதற்குக் கொஞ்சம் எண்ண வேண்டும். எண்ணுவதற்கான கருவி நம்மில் யாப்புப் படித்தவர்களிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அசை இரண்டு வகை: நேர், நிரை. ஈரசைச் சீர் நான்கு: தேமா, புளிமா, கருவிளம், கூவிளம். மூவசைச் சீர் எட்டு. இந்த எட்டை வழக்கமாகக் காய், கனி என்று பிரிப்போம். இப்போது வேறு மாதிரி பிரித்துப் பார்ப்போம்: சீருக்குள் எத்தனை நிரை? நிரையே இல்லாதது ஒன்று: தேமாங்காய். ஒரு நிரை உள்ளவை மூன்று: புளிமாங்காய், கூவிளங்காய், தேமாங்கனி. இரண்டு நிரை உள்ளவையும் மூன்று: கருவிளங்காய், புளிமாங்கனி, கூவிளங்கனி. மூன்றும் நிரையானது ஒன்று: கருவிளங்கனி. ஆக 1, 3, 3, 1. நாலசைச் சீர் பதினாறையும் இதேபோலப் பிரித்தால் 1, 4, 6, 4, 1 என்று வரும். ஐந்தசைக்கு இலக்கணத்தில் இடமில்லை. ஆனால் கணக்கு அதற்காக நிற்காது. ஐந்தசையில் இரண்டு நிரை எத்தனை விதமாக வரும்? நாலசையில் இரண்டு நிரை உள்ள 6க்கும் கடைசியில் ஒரு நேரைச் சேர்க்கலாம். ஒரு நிரை உள்ள 4க்கும் கடைசியில் ஒரு நிரையைச் சேர்க்கலாம். மொத்தம் 10. மேல் வரிசையில் பக்கத்துப் பக்கத்து எண்களைக் கூட்டினால் கீழ் வரிசை கிடைத்துவிடுகிறது. 12ஆம் வரிசை வரை பொறுமையாகப் போனால் 1, 12, 66, 220 என்று தொடங்கும். பாஸ்கல் முக்கோணம் என்று பாடநூல் சொல்வது இதைத்தான். பாஸ்கல் 17ஆம் நூற்றாண்டு. குரு, லகு என்ற அசைகளை எண்ணப் போய் இதே அடுக்கைப் பிங்கலரின் சந்த சூத்திரத்துக்கு உரை எழுதிய ஹலாயுதர் 10ஆம் நூற்றாண்டிலேயே 'மேரு' என்ற பெயரில் விளக்கியிருக்கிறார். செய்யுளிலிருந்து பிறந்த கணக்கு. கவிஞர்கள் இதைக் கண்டு பயப்பட நியாயம் இல்லை.

இனி எடை போட வேண்டும். நிரை இருக்கும் இடத்தில் 'கறுப்பர்' என்றும், நேர் இருக்கும் இடத்தில் 'வெள்ளையர்' என்றும் வையுங்கள். உண்மையிலேயே கண்ணை மூடிக்கொண்டு பெயரை எடுத்தால், ஒவ்வொரு முறையும் கறுப்பர் வர வாய்ப்பு 0.26, வெள்ளையர் வர 0.74. ஓர் எடுப்பு அடுத்த எடுப்பைப் பாதிக்காது என்றால் வாய்ப்புகளைப் பெருக்கலாம். நான்கு பேரை எடுக்கிறோம். நால்வரும் வெள்ளையராக இருக்க 0.74 × 0.74 × 0.74 × 0.74, அதாவது 0.30. ஒரே ஒருவர் கறுப்பராக இருக்க, ஒரு குறிப்பிட்ட வரிசைக்கு 0.26 × 0.74 × 0.74 × 0.74, இப்படிப்பட்ட வரிசைகள் 4 என்பதால் அதை நாலால் பெருக்க 0.42. இரண்டு பேருக்கு வரிசைகள் 6, விடை 0.22. மூன்று பேருக்கு 0.05. நால்வரும் கறுப்பர் என்பதற்கு 0.005கூட இல்லை. எல்லாவற்றையும் கூட்டினால் 1. தற்செயலின் உருவம் என்று தொடக்கத்தில் சொன்னது இதுதான். எத்தனை வரிசைகள் என்பது ஒரு எண், ஒரு வரிசையின் வாய்ப்பு என்பது இன்னொரு எண், இரண்டையும் பெருக்குகிறோம். ஈருறுப்புப் பரவலில் இதைத் தாண்டி ரகசியம் எதுவும் கிடையாது.

பன்னிரண்டு பேர் கொண்ட ஜூரிக்குப் போவோம். கறுப்பர் ஒருவரும் இல்லாமல் போக 0.74ஐப் பன்னிரண்டு முறை பெருக்க வேண்டும்: 0.027, சுமாராக 37இல் ஒன்று. ஒரே ஒருவர் இருக்க 0.11, இருவர் இருக்க 0.22, மூவர் இருக்க 0.26. இதைச் செயல்பாட்டாளர்கள் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். முழு வெள்ளை ஜூரி ஒன்று தற்செயலாகவே அமையக்கூடும். 37இல் ஒரு தடவை அமையும். அமெரிக்காவில் கவுண்டிகள் 3000க்கு மேல். எல்லாவற்றிலும் இதே விகிதம் என்று வைத்துக்கொண்டால், யாரும் எந்தத் தப்பும் செய்யாமலே, ஒரு சுற்றில் 80 இடங்களில் முழு வெள்ளை ஜூரி உட்கார்ந்திருக்கும். அந்த எண்பதில் ஒன்றைப் பொறுக்கி எடுத்துக்கொண்டு 'இதோ ஆதாரம்' என்று கூவுவது எதிராளிக்குத்தான் லாபம். ஆனால் ஒரே இடத்தில் அடுத்தடுத்து இரண்டு ஜூரிகளும் இப்படி அமைய 0.027ஐ 0.027ஆல் பெருக்க வேண்டும்: சுமார் 1400இல் ஒன்று. மூன்று என்றால் 50,000இல் ஒன்றுக்கும் சற்றுக் குறைவு. 1950 முதல் 1965 வரை ஒருவர்கூட இல்லை என்றால்? தற்செயல் அவ்வளவு தூரம் நடக்காது, மூச்சு வாங்கி உட்கார்ந்துவிடும்.

அழைக்கப்பட்ட 100 பேரில் 8 என்பதையும் பார்த்துவிடலாம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. 'சரியாக 8' வர வாய்ப்பு என்ன என்று கேட்கக் கூடாது. பெரிய எண்ணிக்கையில் எந்த ஒரு குறிப்பிட்ட எண்ணுக்கும் வாய்ப்பு சின்னதாகத்தான் இருக்கும். மிக இயல்பான 26க்கே பத்தில் ஒன்றுகூடக் கிடையாது. '8 அல்லது அதற்கும் குறைவு' என்று கேட்க வேண்டும். 0 முதல் 8 வரை ஒன்பது விடைகளையும் கூட்டினால் 0.0000047. இரண்டு லட்சத்தில் ஒன்று.

இதே 8 சதவீதம் 25 பேர் கொண்ட பட்டியலில் வந்திருந்தால்? 25இல் 2 பேர். கணக்குப் போட்டால் 0.025, அதாவது 40இல் ஒன்று. சதவீதம் அதேதான், இடைவெளியும் அதே 18தான். ஒன்று நாற்பதில் ஒன்று, மற்றது இரண்டு லட்சத்தில் ஒன்று. சதவீதத்தை மட்டும் பேசுகிறவர் எந்தப் பக்கத்தவராக இருந்தாலும் எத்தனை பேரில் என்பதை விழுங்கிவிடுகிறார். உச்ச நீதிமன்றம் அதைத்தான் செய்தது. நம் துண்டறிக்கைகளும் பல நேரம் அதைத்தான் செய்கின்றன.

ஏன் இப்படி? எடுப்புகள் கூடக்கூடத் தற்செயலின் ஊசலாட்டமும் கூடுகிறது, ஆனால் மெதுவாக. ஊசலாட்டத்தின் அளவைத் திட்ட விலக்கம் என்பார்கள். ஈருறுப்புப் பரவலில் அதைக் காண்பது எளிது: எடுப்புகளின் எண்ணிக்கையை இரண்டு வாய்ப்புகளாலும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் போதும். 100 × 0.26 × 0.74 என்பது 19.24, வர்க்கமூலம் 4.4. 25 பேருக்கு இது 2.2. ஆட்கள் நாலு மடங்கானாலும் ஊசலாட்டம் இரண்டு மடங்குதான். 100இல் 26ஐ எதிர்பார்க்கிறோம். நாலு ஐந்து கூடலாம், குறையலாம், எட்டு ஒன்பது தள்ளிப்போனால் புருவத்தை உயர்த்தலாம். 18 தள்ளிப்போயிருக்கிறது, நாலு திட்ட விலக்கத்துக்கு மேல்.

ஸ்வெய்ன் வழக்குக்கு அடுத்த ஆண்டு, 1966இல், மைக்கேல் ஃபின்கெல்ஸ்டைன் என்ற வழக்கறிஞர் ஹார்வர்ட் சட்ட இதழில் ஜூரி வழக்குகளை இப்படிக் கணக்கிட்டுக் காட்டி ஒரு கட்டுரை எழுதினார். 1967இல் ஜார்ஜியா மாநிலத்தின் விட்டஸ் வழக்கு வந்தது. வரி செலுத்துவோரில் 27 சதவீதம் கறுப்பர். அழைக்கப்பட்ட 90 பேரில் 7. இந்தத் தடவை உச்ச நீதிமன்றம் அந்தக் கட்டுரையைச் சுட்டி, வாய்ப்பு 0.000006 என்று ஓர் அடிக்குறிப்பு எழுதியது. அடுத்த ஆண்டிலேயே ஒரு சிறுபத்திரிகைத்தனமான கட்டுரை தீர்ப்பின் அடிக்குறிப்பு வரைக்கும் போய்விட்டது என்று நாம் பொறாமைப்படலாம். ஹார்வர்ட் பெயர் இல்லாவிட்டால் போயிருக்குமா என்பது வேறு விஷயம்.

அடிக்குறிப்பிலிருந்து மையத்துக்கு வந்தது 1977இல், கஸ்டனேடா எதிர் பார்ட்டிடா வழக்கில். டெக்சாஸில் மெக்சிகோ எல்லையை ஒட்டிய ஹிடால்கோ கவுண்டி. மக்கள் தொகையில் மெக்சிக அமெரிக்கர்கள் 79.1 சதவீதம், அதாவது பெரும்பான்மையினர். 11 ஆண்டுகளில் கிராண்ட் ஜூரிக்கு (குற்றச்சாட்டு பதிவு செய்யலாமா என்று முடிவெடுக்கும் குழு) அழைக்கப்பட்டவர்கள் 870 பேர். அவர்களில் மெக்சிக அமெரிக்கர்கள் 339. எதிர்பார்க்க வேண்டியது 870 × 0.791, ஏறத்தாழ 688. திட்ட விலக்கம் 12. எதிர்பார்த்ததற்கும் நடந்ததற்கும் இடையில் 29 திட்ட விலக்கங்கள். இந்தக் கணக்கு நான் போட்டதல்ல, நீதிபதி பிளாக்மன் எழுதிய தீர்ப்பின் 17ஆம் அடிக்குறிப்பில் இருக்கிறது. இவ்வளவு பெரிய எண்ணிக்கையில் இரண்டு மூன்று திட்ட விலக்கத்துக்கு மேல் போனாலே தற்செயல் என்பது சந்தேகத்துக்குரியது என்று சொல்லிவிட்டு, இதன் வாய்ப்பு 10இன் 140ஆம் அடுக்கில் ஒன்றுக்கும் குறைவு என்கிறது அது. 1 எழுதிப் பக்கத்தில் 140 சுழியம் போட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்துக்கு நாலு என்ற கணக்கில்தான் பார்ட்டிடா ஜெயித்தார் என்பது கவனத்திற்குரியது. இவ்வளவு சுழியங்களுக்குப் பிறகும் நான்கு நீதிபதிகள் ஏன் அசையவில்லை? அவர்களுடைய வாதங்களை முட்டாள்தனம் என்று ஒதுக்க முடியாது, கணக்கு எங்கே முடிகிறது என்பதை அவைதான் காட்டுகின்றன. தலைமை நீதிபதி பர்கர் 0.791 என்ற எண்ணையே கேள்வி கேட்டார். மக்கள் தொகை வேறு, ஜூரியாகத் தகுதி உள்ளோர் வேறு. குடியுரிமை, எழுத்தறிவு இதையெல்லாம் கழிக்க வேண்டாமா? பள்ளிக்கூடமே பார்க்காதவர்களை எல்லாம் கழித்தாலும் 65 சதவீதம் வருகிறது. அதை வைத்துப் போட்டுப் பார்த்தேன்: எதிர்பார்ப்பு 565, விலக்கம் 14, இடைவெளி 16 விலக்கங்கள். ஹிடால்கோவில் வித்தியாசம் இல்லை. ஆனால் எல்லா இடத்திலும் இப்படி இருக்காது. 1953இல் ஜார்ஜியாவின் ஏவரி வழக்கு. வெள்ளையர் பெயர்கள் வெள்ளைச் சீட்டில், கறுப்பர் பெயர்கள் மஞ்சள் சீட்டில்; அப்படி ஒரு பெட்டியிலிருந்து நீதிபதி எடுத்த சுமார் 60 பேரில் கறுப்பர் ஒருவரும் இல்லை. ஜூரிப் பட்டியலில் அவர்கள் 5 சதவீதம். 0.95ஐ 60 முறை பெருக்கினால் 0.046, அதாவது 22இல் ஒன்று, நடக்கக்கூடியதுதான். ஆனால் அந்தப் பட்டியல் தயாரான வரிப் பதிவேட்டில் அவர்கள் 14 சதவீதம். 0.86ஐ 60 முறை பெருக்கினால் 8500இல் ஒன்று. எந்த எண்ணை உள்ளே போடுகிறோம் என்பதில் அரசியல் முழுக்க ஒளிந்திருக்கிறது. சூத்திரம் அதைத் தீர்மானிக்காது. 'தகுதி' என்ற வடிகட்டியை ஏற்கெனவே ஒருமுறை பிடித்துவிட்டு, மிச்சத்தில் நியாயமாகச் சீட்டு எடுத்தேன் என்பவனிடம் எடுப்பைப் பற்றி மட்டும் கேட்டால் தப்பித்துவிடுவான். வடிகட்டியைத்தான் கேட்க வேண்டும். (ஏவரி வழக்கில் கணக்கைவிடச் சீட்டின் நிறமே பெரிய சாட்சியாக இருந்தது.)

நீதிபதி பவல் வேறு ஒன்றைச் சொன்னார். பெயர்களைத் தேர்ந்தெடுத்த ஆணையர் ஐவரில் மூவர் மெக்சிக அமெரிக்கர்கள். வழக்கை விசாரித்த நீதிபதியும் அவ்வாறே. தங்கள் இனத்தையே அவர்கள் ஒதுக்குவார்களா? நீதிபதி மார்ஷல், அந்த நீதிமன்றத்தின் ஒரே கறுப்பின நீதிபதி, இதற்குத் தனியாகப் பதில் எழுதினார். ஒடுக்கப்பட்ட குழுவில் பிறந்து மேலே வந்தவர்கள் சில நேரம் அந்தக் குழுவிடமிருந்தே தம்மை விலக்கிக்கொள்கிறார்கள், ஒடுக்குகிறவர்களின் பார்வையையே தமதாக்கிக்கொள்கிறார்கள் என்பது அவர் வாதம். இதற்கு எந்த ஈருறுப்பும் உதவாது. கணக்கு வேலை செய்து முடித்து ஒதுங்கிக்கொண்ட பிறகுதான் இந்த விவாதமே தொடங்குகிறது.

இன்னொன்றையும் நேராகச் சொல்லிவிட வேண்டும், ஏனெனில் நம் மேடைகளில் இது அடிக்கடி தலைகீழாகிறது. 'இரண்டு லட்சத்தில் ஒன்று' என்றால், 'பாகுபாடு நடக்காமல் இருந்திருக்க வாய்ப்பு இரண்டு லட்சத்தில் ஒன்று' என்று பொருளல்ல. கண்ணை மூடி எடுத்திருந்தால் இப்படி அமைய இரண்டு லட்சத்தில் ஒரு வாய்ப்பு என்று மட்டுமே பொருள். நாம் எதிராளியின் கூற்றைக் கொஞ்ச நேரம் உண்மை என்று ஏற்றுக்கொண்டு, அது நம்மை எங்கே கொண்டுபோகிறது என்று பார்க்கிறோம். ஆணையர்கள் உண்மையில் ஒருவரை ஒருவர் சாராத எடுப்புகளாக எடுக்கவே இல்லை. தெரிந்தவர், தெரிந்தவருக்குத் தெரிந்தவர் என்று போனார்கள். ஈருறுப்புப் பரவல் அவர்களுடைய நடத்தையின் படமல்ல, அவர்கள் சொன்ன சாக்கின் படம். சாக்கு பொருந்தவில்லை என்று அது காட்டுகிறது. பிறகு என்ன நடந்தது, யார் செய்தார்கள் என்பதற்கு ஆவணமும் சாட்சியும் வேண்டும்.

இதே பவல்தான் 1987இல் மக்ளெஸ்கி வழக்கில் பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதினார். ஜார்ஜியாவில் மரண தண்டனை கொல்லப்பட்டவரின் நிறத்தைப் பொறுத்து எப்படி மாறுகிறது என்ற விரிவான புள்ளியியல் ஆய்வு அங்கே முன்வைக்கப்பட்டது. ஜூரி அழைப்பில் எண்கள் செல்லும், தண்டனையில் செல்லாது. ஒவ்வொரு வழக்கும் ஒவ்வொரு ஜூரியும் வேறு வேறு என்றார். இதில் ஒரு கணித உண்மை இருக்கிறது: ஒவ்வோர் எடுப்பிலும் வாய்ப்பு ஒன்றாக இல்லாத இடத்தில் ஈருறுப்பு செல்லாது. அதனால்தான் அந்த ஆய்வாளர்கள் ஈருறுப்போடு நிற்காமல், வழக்குகளுக்கு இடையிலான வேறுபாடுகளையும் கணக்கில் எடுத்துக்கொள்ளும் முறைகளைக் கையாண்டிருந்தார்கள். நீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. மக்ளெஸ்கி 1991இல் மின்சார நாற்காலியில் கொல்லப்பட்டார். ஓய்வு பெற்ற பிறகு, தன் வாக்கை மாற்றிக்கொள்ள முடிந்தால் இந்த வழக்கில் மாற்றிக்கொள்வேன் என்று பவல் தன் வாழ்க்கை வரலாற்றாசிரியரிடம் சொன்னார்.

காரணம் சொல்லாமல் ஆளை நீக்கும் விஷயத்தில் ஸ்வெய்ன் தீர்ப்பு 1986இல், கென்டக்கியின் பாட்ஸன் வழக்கில் கைவிடப்பட்டது. ஹிடால்கோவில் 339 என்ற எண்ணை உண்டாக்கிய முறை, ஆணையர்கள் தாங்களாகப் பெயர் தேர்ந்தெடுக்கும் முறை, டெக்சாஸில் 2015 வரை சட்டப் புத்தகத்தில் இருந்தது. அந்த ஆண்டுதான் சட்டமன்றம் அதை நீக்கி, கிராண்ட் ஜூரிக்கும் பொதுப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையிலேயே பெயர் எடுக்க வேண்டும் என்றது.